மழை விட்டாலும் பாறை காய்ந்திருக்காது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குக் கிழக்கே காசில்டன் கோபுரம் நிற்கிறது. சரிவான மேட்டின் உச்சியில் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்துக்குச் செந்நிற மணற்கல். நாலு பக்கமும் செங்குத்து. பின்பக்கமாக நடந்து ஏறிவிடலாம் என்ற பேச்சே கிடையாது. 1961-இல் லேட்டன் கோரும் ஹண்ட்லி இங்கல்ஸும் முதலில் ஏறினார்கள். அவர்கள் போன வழியில் இன்றும் ஆட்கள் ஏறுகிறார்கள். தனியாக நிற்கும் பாறை, சுற்றிலும் பாலைவனம். ஆசை வராமல் இருக்குமா?

பாறைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். அங்கே ஏறப் போவதாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது மழை பெய்தது?

மணற்கல் என்பது மணலும் அதைப் பிடித்திருக்கும் பசையும்தான். அந்தப் பசையில் களிமண் கலந்திருந்தால் ஈரத்தில் இளகிவிடும். ஒரே கல்லில் வெட்டிய இரண்டு உருளைகளில் ஒன்றை உலர்ந்தபடியும் மற்றதை ஊறவைத்தும் அழுத்திப் பார்ப்போம். உலர்ந்தது படாரென்று உடையும். ஊறியதோ அதைவிடக் குறைந்த சுமையிலேயே ஓரம் உதிர்ந்து, சத்தமில்லாமல் சரியும். சிலவகை மணற்கல் பாதி பலத்தைக்கூட இழந்துவிடும்.

ஏறுபவர் விழுந்தால் தாங்க, கயிற்றோடு இணைத்து விரிசலில் செருகும் உலோகக் கருவிக்குக் கேம் என்று பெயர்; அது எப்படிப் பிடிக்கிறது? நீங்கள் விழும்போது கயிறு இழுக்க, அது இரு சுவர்களையும் அந்த இழுப்பைவிடப் பெரிய விசையோடு நெட்டித் தள்ளும். சுவர் ஈரமாக இருந்தால் மணல் நொறுங்கி, கேம் உருவிக்கொண்டு வந்துவிடும். கருவி மேல் குற்றமில்லை.

காசில்டனில் சில இடங்களில் கால்சைட் என்ற கனிமத்தின் வெள்ளைப் படலம் பீங்கான்போல வழவழப்பாக இருக்கும். அதைப் பார்த்து உள்ளேயும் கெட்டி என்று நம்பிவிடாதீர்கள்.

“வெயில் அடிக்கிறதே, காய்ந்திருக்குமே” என்பார்கள். காய்வது மேல்தோல்தான். பாறையடி மண்ணைச் சில அங்குலம் தோண்டிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. நல்ல மழைக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் பொறுப்பது அங்குள்ள வழக்கம். நிழல் விழும் பாறைப் பக்கமோ குளிர்காலமோ என்றால் இன்னும் கூடும். கைகால் வைக்கும் பிடி உடைந்தால் திரும்ப ஒட்டவும் முடியாது; உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கு அந்த வழியே மாறிப்போயிருக்கும்.

விமான டிக்கெட் போட்டாயிற்று, லீவு முடிகிறது என்ற நெருக்கடியில்தான் பலர் ஈரப் பாறையில் கைவைக்கிறார்கள். அதனால் லீவு எழுதும்போதே இரண்டு நாள் கூடுதலாகக் கேளுங்கள். காத்திருக்கும் நாளில் சுற்றி நடக்கலாம், ஆனால் பாதையை விட்டு இறங்காதீர்கள்: கறுப்பாகப் பொருக்குத் தட்டிய அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒரு காலடியில் சிதைந்தால் தேற வருடக்கணக்காகும்.