ஃபான்டனெல்: உச்சிக்குழி

பச்சைக் குழந்தையைப் பார்த்த மருத்துவர் சீட்டில் ‘ஏ.எஃப். நார்மல்’ என்று எழுதியிருப்பார். ‘ஆன்டீரியர் ஃபான்டனெல்’ என்பதன் சுருக்கம் அது; குழந்தையின் தலை உச்சியில் முன்பக்கமாக மெத்தென்று இருக்கும் இடம். அப்பாவும் அம்மாவும் அதை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்; பாட்டியிடம் கேட்டிருந்தால் “உச்சிக்குழி நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார்” என்று முடித்திருப்பார்.

இலத்தீனில் ‘ஃபோன்ஸ்’ என்றால் ஊற்று. அதன் வழியில் பிரெஞ்சில் உண்டான ‘ஃபான்டனெல்’லுக்குச் சிற்றூற்று என்று பொருள். ஆங்கிலத்துக்குள் வந்தபோது, 16ஆம் நூற்றாண்டில், இரு தசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை அது குறித்தது. கெட்ட நீர் வடியட்டும் என்று வைத்தியர்கள் உடம்பில் வேண்டுமென்றே உண்டாக்கி, ஆறவிடாமல் வைத்திருந்த புண்ணுக்கும் அதே பெயர். குழந்தையின் மண்டைக்கு அது வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். தாமதமாக வந்தாலும் பெயர் பொருந்திவிட்டது. பால் குடிக்கும் குழந்தையின் உச்சியைச் சற்று நேரம் பாருங்கள். நாடிக்கு நாடி தோல் மெல்ல எழும்பித் தாழும்.

கிரேக்கர்கள் இதே இடத்தை ‘பிரெக்மா’ என்றார்கள். நனைத்தல் என்ற வினையோடு சேர்த்து அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். உடம்பின் எலும்புகளில் கடைசியாகக் கெட்டிப்படுவது இதுதான் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயரும் வீண்போகவில்லை. மண்டையோட்டின் நெற்றி எலும்பும் இரு பக்க எலும்புகளும் கூடும் புள்ளியை உடற்கூறியலில் இன்றும் பிரெக்மா என்றே சொல்கிறார்கள்.

தமிழ்ச் சொல்லில் ஊற்றும் இல்லை, ஈரமும் இல்லை. எங்கே இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது: உச்சி, குழி. தலையின் மேற்புறமும் உச்சி, மலை முகடும் உச்சி, சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நேரமும் உச்சி. பிள்ளையை வாரியெடுத்து உச்சி முகர்வது என்று நாம் சொல்வதும் இந்த இடத்தைத்தான். முகரும்போது உதட்டில் தட்டுப்படுகிற மெத்தென்ற பகுதிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததால்தான் இந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே பிறந்தது என்று நினைக்கிறேன்.

இனி, தலையில் ஏன் ஒரு குழி? பெரியவர்களின் மண்டை ஒரே ஓடு போல் தெரிந்தாலும், பிறக்கும்போது அது தனித்தனித் தகடுகள். தகடுகள் கூடும் மூலைகளில் எலும்பு இன்னும் வந்து சேராத இடங்களே இந்தக் குழிகள். பிரசவப் பாதையில் தலை நெருக்கப்படும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சுகப்பிரசவத்தில் பிறந்த சில குழந்தைகளின் தலை முதல் நாளில் நீண்டு கூம்பியிருக்கக் காரணம் இதுதான். சில நாட்களில் தானே சரியாகிவிடும். தலையைப் பிடித்து உருட்டிச் சரிசெய்ய வேண்டியதில்லை.

இடைவெளியின் பெரிய வேலை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. பிறந்தபோது ஏறத்தாழ 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு முதல் பிறந்தநாளில் 46 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கூடுவது அதைவிடக் குறைவு. உள்ளே மூளை அந்த வேகத்தில் வளரும்போது ஓடு பூட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்த நிலையும் உண்டு. தகடுகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் சில குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பின்பக்கத்து முக்கோணக் குழி சிறியது. இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். முன்பக்கத்தது சாய்சதுரம், பிறக்கும்போது சுமார் 2 செ.மீ. அகலம். பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும், சிலருக்கு இரண்டு வயது வரை போகும். உச்சியில் எண்ணெய் வைத்தால் சீக்கிரம் மூடும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. எண்ணெய்க்கும் எலும்பு வளர்வதற்கும் சம்பந்தமில்லை. ரொம்பவும் தாமதமானால் வைட்டமின் டி குறைவா, தைராய்டு சுரப்புக் குறைவா என்று பார்ப்பார்கள். தொட்டால் மூளையில் பட்டுவிடும் என்று பயப்படுவதும் வேண்டாம். தோலுக்கு அடியில் உறுதியான நார்ச்சவ்வு இருக்கிறது. தலை குளிப்பாட்டலாம், துவட்டலாம், அழுத்தாமல் இருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், நாம் குழி என்று சொல்லும் இது குழியாக இருக்கக் கூடாது. நலமாக இருக்கும் குழந்தையை அழாத நேரத்தில் நிமிர்த்திப் பிடித்துத் தடவினால் சமமாக, அல்லது மிக இலேசாக உட்குழிந்து இருக்கும். வயிற்றுப்போக்கிலும் வாந்தியிலும் நீர் வற்றினால்தான் நிஜமாகவே பள்ளம் விழும். “உச்சிக்குழி உள்ளே போயிடுச்சு” என்று பெரியவர்கள் பதறுவது முழுக்கச் சரி. அப்போது உச்சியில் பற்றுப் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அழும்போது சற்றுப் புடைப்பது இயல்பு. அழாமலும் புடைத்தபடியே இருந்து, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

எலும்பு இல்லாத அந்தச் சாய்சதுரம் மருத்துவர்களுக்கு ஒரு வாசல். அல்ட்ராசவுண்ட் அலை எலும்பைத் தாண்டத் திணறும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளைக்குள் இரத்தக்கசிவு இருக்கிறதா என்பதை உச்சிக்குழியில் கருவியை வைத்தே பார்த்துவிடுகிறார்கள்.

பெயரில் ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். குழிகள் மொத்தம் ஆறு: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பக்கத்தில் இருப்பவை கன்னப்பொட்டுக்கும் காதின் பின்புறத்துக்கும் அருகே இருக்கின்றன. அவற்றை உச்சி என்று எப்படிச் சொல்வது? ஆறுக்கும் பொதுவாக மண்டைக்குழி என்று வைத்துக்கொண்டு, முன்னால் உள்ளதை மட்டும் உச்சிக்குழி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாட்டிகள் எப்போதும் சொல்லிவந்ததும் அந்த ஒன்றைத்தான்.