ஓதம்: காட்டியா, மானியா?

ஓதம், பெயர்ச்சொல். மண்ணிலும் சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரம். 'கீழறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது', 'ஓதம் அடித்த தரையில் நெல்மூட்டையை வைக்காதே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இளையவர்கள் 'டேம்ப்' என்கிறார்கள். பொறியாளர் அறிக்கையில் 'டேம்ப்னெஸ்'. அரசு அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் 'ஈரப்பதம்'. மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் கட்டடத்தில் கருவியைக் கையில் எடுத்தவுடன் அது சரிப்பட்டு வராது.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஓதத்துக்குப் பல பொருள்கள் உண்டு. ஈரம், வெள்ளம், கடல், அலை என்று போகும். பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கு இன்றும் ஓதங்கள் என்றுதான் பெயர். வைத்தியத்தில் நீர் கோத்து வீங்குவதும் ஓதம். யானைக்கால் நோய்க்கு ஓதக்கால் என்று பெயர் உண்டு. எனக்குப் படுவது இதுதான்: எல்லாப் பொருளுக்கும் அடியில் நீர் நிறைந்து மேலே எழும்புகிற ஓர் எண்ணம் ஓடுகிறது. சுவருக்கும் அது அப்படியே பொருந்தும். அஸ்திவாரத்து மண்ணிலிருக்கும் நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாகச் சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். மேலே மாடி ஒழுகி வடிவது வேறு. அதற்குக் கசிவு என்ற சொல் இருக்கிறது. ஒருவர் 'ஓதம்' என்கிறாரா 'கசிவு' என்கிறாரா என்பதைக் கவனித்தாலே பழுது கீழிருந்து வருகிறதா மேலிருந்து வருகிறதா என்று பாதி தெரிந்துவிடும். 'டேம்ப்' என்ற ஒற்றைச் சொல்லில் இந்தப் பிரிவு கிடைப்பதில்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில், இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள். இங்கே குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். 'செவருல வெள்ளம் எறங்குது' என்று வீட்டுக்காரர் சொன்னால் திருநெல்வேலியிலிருந்து வந்த கொத்தனார் பதறிப்போவார். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பணிக்காரர்கள் 'ஈர்ப்பம்' என்பார்கள். மலையாளத்தில் ஈர்ப்பம் என்றால் ஈரம். தமிழில் ஈர்ப்பு என்றால் இழுப்பது. 'அண்ணே, தரையில நல்ல ஈர்ப்பம் உண்டு கேட்டியளா, டைல் இப்ப ஒட்டண்டாம்' என்று ஒருவர் சொல்ல, பசை தரையோடு நன்றாகப் பிடிக்கும் என்கிறாரே, அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார் என்று வெளியூர்க்காரர் விழிக்கலாம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் இந்தப் பேச்சு ஆண்டில் பாதி நாள் நடந்துகொண்டேயிருக்கும்.

சரி, ஈரப்பதம் எங்கிருந்து வந்தது? ஈரம் + பதம். பதம் என்றால் ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பது. பாகுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், சோற்றுக்குப் பதம். நாஞ்சில் நாட்டு உழவருக்கு இந்தச் சொல் அத்துப்படி. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். ஒவ்வொரு மழை அறுவடையிலும் அந்த எண்ணைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும். அங்கே நெல்லை இட்டுப் பார்க்கிற கருவி ஈரப்பதமானி. பாடநூலிலோ ஈரப்பதம் என்பது காற்றில் இருக்கும் நீராவி. அதை அளக்கும் கருவிக்கும் ஈரப்பதமானி என்றே பெயர். இலங்கைத் தமிழில் ஈரப்பதத்தையே ஈரப்பதன் என்று எழுதுவார்கள். இப்போது கட்டடத்துக்காரர் கையில் இருக்கும், இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் 'மாய்ஸ்சர் மீட்டருக்கும்' கடைக்காரர்கள் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். மூன்று கருவி, மூன்று வேலை, ஒரே பெயர்.

இந்த ஊசிக் கருவி நீரை அளப்பதில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்க்கிறது. ஈரமானால் தடை குறையும், எண் ஏறும். பெரும்பாலான கருவிகளில் அந்த எண் மரத்துக்கென்று வகுத்தது. தச்சர் பலகையில் குத்தி 18 என்று படித்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீத நீர். அதே ஊசியைச் சிமெண்ட் பூச்சில் குத்தி 18 வந்தால், அந்தப் பூச்சில் 18 சதவீத நீர் இருக்கிறது என்று பொருளில்லை. எடைக்கு 4, 5 சதவீதம் நீர் இருந்தாலே கான்கிரீட் நல்ல ஈரம். நெல்லுக்குச் சொன்ன 17-ஐ மனதில் வைத்துக்கொண்டு சுவருக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

உப்பு இன்னொரு வம்பு. கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் என்று கடலோரமாக இருக்கிற வீடுகளில் சுவரில் வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்புப் பொடிபோலக் கையில் ஒட்டும். உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஊசியை அங்கே வைத்தால் எண் உச்சிக்குப் போய்விடும். உள்ளே சுவர் ஓரளவு காய்ந்தே இருக்கும். இந்த எண்ணைக் காட்டி முழுச் சுவரையும் கொத்தி எடுத்து ரசாயனம் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. பூத்ததைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் பூக்காத இடத்திலும் ஒரு முறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ் இங்கே உதவிக்கு வருகிறது. நம்மிடம் மானி மட்டும் இல்லை, காட்டியும் இருக்கிறது. திசைகாட்டி, நாள்காட்டி, நிறங்காட்டி. வெப்பமானி ஓர் அளவைச் சொல்லும். திசைகாட்டி சுட்டும், அவ்வளவுதான். ஊசிக் கருவி சுட்டுகிற வேலையைத்தான் செய்கிறது. 'இந்த மூலையைவிட அந்த மூலை ஈரம்' என்று சொல்வதில் அதற்கு நிகர் இல்லை. எத்தனை சதவீதம் என்று கேட்டால் பொய் சொல்லும். ஆகவே அதை ஓதங்காட்டி என்று அழைப்பது என் பரிந்துரை. மானி என்ற பெயரை அளக்கிற கருவிகளுக்கு விட்டுவிடலாம்.

இந்தக் கணக்கில் பிளாஸ்டிக் தாளும் ஓர் ஓதங்காட்டி. 18 அங்குலச் சதுரமாக ஒரு தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் இடைவெளியே இல்லாமல் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். வெயில் நேராகப் படக்கூடாது. மறுநாள் ஒரு மூலையை மெல்ல உரித்துப் பார்த்தால் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், அல்லது தாள் மூடியிருந்த இடம் மட்டும் கருத்து இருண்டிருக்கும். இரண்டில் எது வந்தாலும் தரைக்குள் ஈரம் இருக்கிறது. நீர் தாளின் மேல்பக்கம் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் வேலை. ஜூன் மாதத்தில் இது அடிக்கடி நடக்கும், தரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எதுவும் தெரியவில்லை என்றால் மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யவேண்டாம். ஆழத்தில் இருக்கும் ஈரம் ஒரே இரவில் மேலே வந்தே தீரும் என்று கட்டாயமில்லை.

அளப்பவை எவை? ஒரு துண்டை உடைத்து எடுத்து, எடை போட்டு, 105 பாகை செல்சியசில் காயவைத்து மறுபடி எடை போடுவது மூத்த முறை. இன்னொன்று கார்பைடு முறை. அளந்து பொடித்த கான்கிரீட்டையும் கால்சியம் கார்பைடையும் இரும்புக் குப்பியில் மூடிக் குலுக்கினால், உள்ளே இருக்கும் நீரோடு கார்பைடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு வெளிவரும். வாயுவின் அழுத்தத்தை வைத்து நீரின் அளவு கிடைக்கும். மாங்காயைப் பழுக்கவைப்பதற்குத் தடை செய்யப்பட்ட அதே கார்பைடு கல், வெல்டிங் பட்டறையில் எரியும் அதே வாயு. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடை ஒரு தட்டில் வைத்து, தரைமேல் கவிழ்த்த மூடிக்குள் 60 முதல் 72 மணி நேரம் வைத்து எடை கூடியதைப் பார்ப்பதும் அளவுதான். ஆனால் அது மேற்பரப்பைத் தாண்டி அதிகம் பேசாது.

துளைச் சோதனைதான் இன்று அமெரிக்கத் தரநிலைகளில் முன்னால் நிற்பது. தளம் மேல்பக்கமாக மட்டும் காய்கிறது என்றால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள். 5 அங்குலத் தளத்துக்கு 2 அங்குலம். இரண்டு பக்கமும் காய்ந்தால் 20 சதவீதம். துளையில் குழாய் செருகி, மூடி, 24 மணி நேரம் விட்டு, உள்ளே இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை, அதாவது அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை, படிக்கிறார்கள். தரைவிரிப்பும் பசையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் 75 முதல் 85 சதவீதத்துக்குள் ஓர் எல்லை சொல்வார்கள். இது காற்றில் இருக்கும் நீராவியைத்தான் அளக்கிறது. ஆக, கட்டடத்தில் ஈரப்பதமானி என்ற பெயருக்கு முழு உரிமை உள்ள கருவி இதுதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. முதல் 1000 சதுர அடிக்கு மூன்று துளை, அதற்குமேல் ஒவ்வொரு 1000-க்கும் ஒன்றாவது வேண்டும் என்பது விதி. ஜன்னலோரத் தரையும் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் தரையும் ஒரே பதத்தில் வேகாது.

இனி கான்கிரீட். லத்தீனில் சேர்ந்து வளர்ந்து இறுகியது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. தமிழில் கற்காரை: கல்லும் காரையும். காரை என்பது பழைய சுண்ணாம்புச் சாந்து. நல்ல ஆக்கம், கூட்டுப்பொருள் இரண்டும் பெயரிலேயே தெரிகிறது. இருந்தும் கட்டடத்தில் ஒருவரும் சொல்வதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் கூரைக்கு 'வார்க்க' என்கிறார்கள். நம் வார்ப்பும் தோசை வார்ப்பதும் அதே வேர்தான். மக்கள் தாமாகச் சூட்டும் பெயர் நிலைத்துவிடும். 1966-இல் பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் கட்டிய, நீரைச் சுமந்து செல்லும் பாலத்துக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அகராதிக்குழு கூடியிருந்தால் அதற்கு நீர்கடத்துவழி என்று ஏதாவது வந்திருக்கும்.

காரை மட்டும் செய்தித்தாளில் உயிரோடு இருக்கிறது. 'பள்ளி மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது.' அங்கே விழுவது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை இல்லை, கம்பியை மூடியிருந்த கான்கிரீட். ஓதமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் மூடலைத் தள்ளிவிடுகிறது. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பிக்குத் துரு பிடிப்பது கடினம், கடல் உப்பு உள்ளே போகாமல் இருந்தால். காற்றின் கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கும். உடைத்த பக்கத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், தீர்ந்த இடம் நிறமில்லாமல் கிடக்கும். பள்ளி வேதியியலில் அதற்குப் பெயர் நிறங்காட்டி. மறுபடியும் காட்டி.

அடுத்து, கான்கிரீட்டின் வலிமையை மதிப்பிடும் சுத்தியல். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் வடிவமைத்தது. நம் ஊரில் 'ரீபவுண்ட் ஹேமர்'. துள்ளுசுத்தியல் என்றால் போதும். வில்விசையால் அடித்து எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்க்கிறது. அதனோடு கூடவே செய்வது மீயொலிச் சோதனை, கான்கிரீட்டுக்குள் ஒலியலை ஓடும் வேகம். 1992-இல் வந்து 2018-இல் மாற்றப்பட்ட இந்தியத் தரநிலையில் நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் மிக நன்று, 3.5-க்கு மேல் நன்று, 3-க்குக் கீழே சந்தேகம் என்று இருந்தது.

இரண்டையும் ஓதம் ஏமாற்றும், அதுவும் எதிரெதிராக. மேற்பரப்பு நனைந்திருந்தால் சுத்தியல் குறைவாகத் துள்ளும். வலிமை சுமார் 20 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்படலாம் என்று அதே 1992 தரநிலை வரிசை சொன்னது. ஒலியோ ஈரக் கான்கிரீட்டில் வேகமாக ஓடும், நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்பதால். மழை விட்ட மறுநாள் எடுத்த அறிக்கையில் ஒரு கருவி கட்டடத்தைத் திட்டும், இன்னொன்று பாராட்டும். சோதனை எடுத்தபோது கான்கிரீட் உலர்ந்திருந்ததா, நனைந்திருந்ததா என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கவேண்டும். அது இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்கும் முன் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.