ஹைப்போ, ஐஸ், கொஞ்சம் உப்புத் தண்ணீர்

காசிமேட்டில் காலை வெயில் ஏறியபின் படம் எடுத்தால் ஒரு தொல்லை கட்டாயம் வரும். படகும் வலையும் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிஜிட்டலில் இதைத் திருத்துவது சுலபம். வானத்தின் மேல் மவுஸைத் தேய்த்தால் போதும். பிடிக்கவில்லையா, பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். பிலிமில் எடுத்த படத்தைப் பேப்பரில் பிரிண்ட் போடும் இருட்டறையில் அதே வேலையைக் கையால் செய்ய வேண்டும். அந்த மெனக்கெடலுக்காகவே இன்னும் சிலர் அங்கே போகிறார்கள் என்றால், பழசின் மேலுள்ள பாசம் மட்டும் காரணமில்லை. அங்கே படம் கண்ணெதிரே நடக்கிற ரசாயன வினை. தண்ணீர், சூடு, கை எல்லாமே அதில் தலையிடும்.

ஒருகாலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து வந்த போட்டோ பேப்பரானாலும் சரி, இன்று கடல் தாண்டி வருவதானாலும் சரி, அடிப்படை ஒன்றுதான்: ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி புரோமைடு, வெள்ளி குளோரைடு படிகங்கள். இவை நீல ஒளிக்கு மசியும், சிலவகை பேப்பரில் பச்சைக்கும். சிவப்பு இவற்றை ஒன்றும் செய்யாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான்.

நெகட்டிவை, அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த பிலிமை, பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் வழியாகச் சில நொடி ஒளி பாய்ச்சியபின் எடுத்துப் பார்த்தால் பேப்பர் அப்படியே வெள்ளையாக இருக்கும். ஆனால் ஒளி பட்ட படிகங்களில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடியிருக்கும். படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் கரைசலுக்கு அது போதும். அந்தத் துணுக்கு வழியாக எலக்ட்ரான்கள் உள்ளே நுழைந்து, கோடிக்கணக்கான அயனிகள் கொண்ட முழுப் படிகத்தையும் உலோக வெள்ளியாக்கிவிடும். பளபளக்க வேண்டிய வெள்ளி இங்கே கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், அது தலைமுடிச் சிக்குபோல நுண்ணிய இழைகளாக வளர்வதுதான். உள்ளே போன ஒளி வெளியே வருவதில்லை.

துணுக்கு இல்லாத படிகத்திலும் இந்த வினை நடக்கும், ரொம்ப மெதுவாக. வடசென்னையில் வம்பு ஆரம்பிப்பது இங்கேதான். டெவலப்பருக்கு ஏற்ற வெப்பம் 20 டிகிரி செல்சியஸ். மே மாதம் மாடியில் வெயில் குடித்த சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் வினை வேகமெடுக்கும், வெள்ளையாக நிற்க வேண்டிய இடமும் அழுக்குச் சாம்பலாகும், ஜெலட்டினும் இளகும். அதனால் டெவலப்பர் ட்ரேயை இன்னொரு பெரிய ட்ரேக்குள் வைத்துச் சுற்றிலும் ஐஸ் போடுகிறார்கள். மீனுக்கு ஐஸ் உடைக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமா? டெவலப்பருக்குள்ளேயே ஐஸைப் போட்டால் மட்டும் கரைசல் நீர்த்துவிடும்.

சரி, அந்த வானம்? நெகட்டிவில் வானம் அடர்ந்த கறுப்பு. ஒளி குறைவாகவே இறங்கும். முதலில் படகுக்கு வேண்டிய நேரம் கொடுத்து, அப்புறம் கையால் படகை மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதல் நொடிகள் கொடுக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் பிரிண்ட் போட்டுப் பழுத்த ஒருவர் சொன்னது: “கைய ஆட்டிக்கினே இரு தம்பி, நின்னா கோடு வுழுந்துடும்.” கை பேப்பரை விட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு நிழலின் விளிம்பு மங்கும், ஆட்டினால் இன்னும் கரையும். போட்டோஷாப்பில் இதே வேலைக்கான சின்னம் ஒரு கைதான். ஆனால் இருட்டறைக் கை ஒரே மாதிரி இரண்டு தடவை அசையாது. ஒரே நெகட்டிவில் போட்ட இரண்டு பிரிண்ட்களின் வானம் அச்சு அசலாக ஒத்துப்போகாதது அதனால்தான். எனக்குப் பிடித்ததும் அதுவே. அவசரச் செய்திப் படத்துக்கு இந்த வழி உதவாது என்பது வேறு விஷயம்.

டெவலப்பர் தொடாமல் மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்து எடுக்கும்; 1819-ல் ஜான் ஹெர்ஷல் கண்ட குணம் அது. அந்த ஹைப்போவையும் கழுவித் தள்ளாவிட்டால் நாளடைவில் படம் பழுப்பேறும். கடல்நீர் ஜெலட்டினிலிருந்து ஹைப்போவைச் சீக்கிரம் விடுவிக்கும் என்பதை இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் கவனித்தார்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது அந்த வேலையைச் சோடியம் சல்பைட் கரைசல் செய்கிறது. துறைமுகத் தண்ணீரில் மிதக்கும் டீசலைப் பார்த்தவர்கள் சல்பைட்டையே வாங்கிக்கொள்வார்கள்.