எஸ்டிமேட்டில் வராத துரு

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்கிறது என்று பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், சாயங்காலம் வருகிற எஸ்டிமேட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஷாக் அப்சார்பர் இரண்டு, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் லிங்க் ராடு, ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேலே மாட்டும் ஸ்ட்ரட் மவுண்ட், அப்புறம் லேபர், வீல் அலைன்மென்ட். கூட்டிப் பார்த்தால், இந்தப் பணத்தைப் போடுவதா, வண்டியையே கைகழுவுவதா என்ற யோசனை வந்துவிடும். முடிவெடுக்கும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி அடியில் பாருங்கள். துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஈரம் படிந்த தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. நீரில் உப்பு இருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும், அரிப்பும் வேகமெடுக்கும். சமையல் உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கரையும். அதனால்தான் பெசன்ட் நகரில் கடலோரமாக நிற்கிற கார், மழையே பெய்யாத மாதத்திலும் ராத்திரி முழுக்க அடியில் நனைந்தே நிற்கிறது.

சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் இந்த சஸ்பென்ஷன் பாகங்களைத் துரு என்ன செய்கிறது? ஷாக் அப்சார்பருக்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, குலுக்கலை வெப்பமாக மாற்றுகிறது. பிஸ்டனைத் தாங்கும் கம்பியில் குரோமியம் பூசியிருப்பார்கள். பூச்சு எங்காவது பெயர்ந்து துரு குழி விட்டால், அந்த இடம் உப்புத்தாள் மாதிரி எண்ணெய் சீலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் தேய்க்கும். கொஞ்ச நாளில் எண்ணெய் வழியும். சுருள் ஸ்பிரிங்கில் ஆபத்து கூடுதல். பாரம் ஏறும்போது ஸ்பிரிங் கம்பி முறுகுகிறது. அந்த முறுக்கத்தால் உலோகத்துக்குள் ஏற்படும் இறுக்கம் (தகைவு) கம்பியின் மேற்பரப்பில்தான் அதிகம். துருக்குழி விழுவதும் அதே மேற்பரப்பில். குழியில் தொடங்கும் விரிசல் வளர்ந்து ஒருநாள் ஸ்பிரிங் உடையும். சேறு தங்கும் கீழ்ச் சுற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, லேபர் ஏன் இவ்வளவு? இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. லோயர் ஆர்மை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழல், அதற்குள் நீளமான போல்ட். இரண்டுக்கும் நடுவே துரு பெருகினால் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். எண்ணெய் அடித்து, நட்டைச் சூடாக்கி விரியவைத்து, அப்படியும் அசையாவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துப் புதிதை ஏற்ற அரை நாள் போராடுவதைவிட ஆர்மையே முழுசாக மாற்றுவது சுலபம் என்று ஒர்க்‌ஷாப் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதும் நியாயமான காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆர்ம் நன்றாக இருந்து, அதைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயிண்டிலும் ஆட்டம் இல்லையென்றால், புஷ் மட்டும் மாற்ற முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். சத்தத்துக்குக் காரணம் லிங்க் ராடு மட்டுமே என்றால் செலவு அத்தோடு போச்சு. ஷாக் அப்சார்பரில் மட்டும் ஒற்றையாக மாற்றிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். குலுக்கலை அடக்கும் திறன் இடது வலதில் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுபடும்.

இதுவரை சொன்னதெல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். நிஜமான சிக்கல் அவை பொருந்தும் இடத்தில். ஸ்ட்ரட்டின் தலை பொருந்தும் பாடித் தகடு, ஆர்ம் மாட்டும் சப்ஃபிரேம் என்கிற அடிச்சட்டம், பின் ஆக்சில் பொருந்தும் பெட்டி வடிவத் தகடுகள். பெட்டிக்கு அடியில் நீர் வடியத் துளைகள் இருக்கும். மண் அடைத்தால் நீர் உள்ளேயே தங்கும், அரிப்பு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக. நுனியால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்த எஸ்டிமேட்டில் உள்ள எந்தப் புதுப் பாகமும் வண்டியைக் காப்பாற்றாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து வெல்டிங் செய்ய ஆகும் செலவைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

அந்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடிக் கருப்புக் கோட்டிங் அடித்துத் தர ஆள் உண்டு. பட்டி பாரம் தாங்காது. துருவின் மேலேயே அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே பூட்டி, அரிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் நடத்தும். தட்டிப் பார்த்துத் தகடு கணீரென்றால், வடிகால் துளைகளைக் குத்திவிட்டு, அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பெட்டிகளுக்குள் மெழுகுப் பூச்சு அடித்துக்கொள்ளலாம். புது ஷாக் அப்சார்பருக்குத் தாராளமாகப் பணம் போடலாம்.