டவர் உச்சியில் ஒரு வெள்ளி முலாம் பெட்டி

கோவை அவினாசி ரோட்டோரம் நிற்கும் செல்போன் டவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் போன் பேசுவது 1710 முதல் 1785 வரை; டவர் பதில் சொல்வது 1805 முதல் 1880 வரை. டவர் அனுப்புவது பத்து வாட் கணக்கில். போனிலிருந்து வந்து சேருவதோ ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா, நடுவே 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. தன் சத்தத்திலேயே டவரின் காது அடைத்துப் போகாமல் காப்பது, வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் மைக்ரோவேவ் ஃபில்டர்.

பார்த்தால் கணபதிப் பக்கத்துப் பட்டறையில் கடைந்த சாமான் போலத்தான் இருக்கும். அலுமினிய பிளாக்கில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு தூண், மேலே மூடி, மூடியில் ஸ்க்ரூக்கள். எந்த அதிர்வெண்ணுக்குக் குழி ஒத்ததிரும் என்பதைத் தூணின் உயரம் முடிவு செய்கிறது. குழிகளுக்கு இடையிலுள்ள சுவரில் விட்ட ஜன்னலின் அகலம், அடுத்த குழிக்கு எவ்வளவு ஆற்றல் போகும் என்பதை. உள்ளே வெள்ளி முலாம் பூசுவது ஆடம்பரத்துக்கு அல்ல. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் வெள்ளியின் மேல்தோலில் சுமார் ஒன்றரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்திலேயே பெரும்பாலும் ஓடிவிடுகிறது. அடியிலுள்ள அலுமினியம் அதன் கண்ணிலேயே படாது.

வம்பு அளவில்தான். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். அந்த நீளத் தூணில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் அதிர்வெண் 4 மெகாஹெர்ட்ஸ் நகரும். இருக்கும் இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு!

அதனால் வெட்டுவதற்கு முன்பே கணினியில் வெட்டிப் பார்க்கிறார்கள்; இதுதான் சிமுலேஷன். குழிகளுக்குள் இருக்கும் வெளியை மென்பொருள் ஆயிரக்கணக்கான நான்முகத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்காந்த அலைகளின் போக்கைச் சொல்லும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. எவ்வளவு சிக்னல் தாண்டிப் போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். துல்லியம்தான், ஆனால் மெதுவு. ஆறு குழி ஃபில்டரில் தூண் 6, ஜன்னல் 5, உள்ளே வர, வெளியே போக 2 என்று 13 அளவுகள். ஒவ்வொன்றுக்கும் பத்தே மதிப்புகளைச் சோதித்தாலும் பத்து லட்சம் கோடி சேர்க்கைகள். கணினி வேகமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

வழி வேறு. 1970களின் தொடக்கத்தில் அதியா, வில்லியம்ஸ் என்ற பொறியாளர்கள் செயற்கைக்கோள்களுக்காக, மொத்த ஃபில்டரையும் ஒரு சிறிய எண் அணியாக (மேட்ரிக்ஸ்) சுருக்கிக் காட்டினார்கள். இதைக் கண்சிமிட்டும் நேரத்தில் கணக்கிடலாம். நுணுக்கம் மட்டும் குறைவு. 1994இல் கனடாவில் ஜான் பேண்ட்லர் குழுவினர் இப்படிப்பட்ட மலிவான மாதிரியையும் விலை கூடிய சிமுலேஷனையும் ஜோடி சேர்க்கும் உத்தியை வெளியிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தராசு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்பதை எடைமேடையில் ஒருமுறை தெரிந்துகொண்டால், அப்புறம் தராசையே நம்பி நிறுக்கலாம் அல்லவா? அதே கதை. தேடுவதெல்லாம் மலிவான மாதிரியில்; அது எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்க மட்டும் முழு சிமுலேஷன். பெரும்பாலும் சில சுற்றுகளிலேயே அளவுகள் அமைந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறது. மில்லிங்கில் சில பத்து மைக்ரான் விலகல் வரத்தான் செய்யும். அதை ஸ்க்ரூ திருகித்தான் சரிக்கட்டுகிறார்கள். வெயிலுக்கு மட்டும் ஸ்க்ரூ உதவாது. சித்திரையில் பெட்டி 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அலுமினியம் விரிந்து அதிர்வெண் ஏறக்குறைய 1.7 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். எனவே தூணை மட்டும் குறைவாக விரியும் வேறு உலோகத்தில் செய்கிறார்கள்: பெட்டி விரியும்போது தூண் உச்சிக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி கூடி, இறங்கிய அதிர்வெண்ணை மேலே தூக்கிவிடும். அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் சிமுலேஷன் சொல்லும் கணக்குதான்.