ஒளிமின் உமிழ்வு: சொல்லும் பொருளும்

வெற்றிடத்தில் ஒரு சிலிக்கான் தகட்டை வைத்து, அதன் மேல் லேசர் துடிப்புகளைப் பாய்ச்சினால் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வருகின்றன. ஒளியே நேரடியாக எலக்ட்ரானை வெளியேற்றினால் இதற்கு ஒளிமின் உமிழ்வு என்று பெயர். பொருளை விட்டே எலக்ட்ரான் வெளியேறினால்தான் அது உமிழ்வு. சூரிய மின்தகட்டிலும் ஒளி எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் அந்த எலக்ட்ரான் குறைகடத்திக்கு உள்ளேயேதான் ஓடுகிறது, அதனால் அது உமிழ்வு ஆகாது.

ஆங்கிலத்தின் எமிஷன், 'வெளியே அனுப்பு' என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் வெளிவிடுதல், வெளியேற்றம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு உமிழ்வுதான் சரி. உள்ளே இருந்த ஒன்று வாய்வழி வெளிப்படுவதும், உமிழும் பொருள் அங்கேயே இருப்பதும் அந்த வினையிலேயே அடங்கியிருக்கின்றன. சங்கப் பாடல்களில் பாம்பு மணியை உமிழ்கிறது. அந்தப் பழக்கம் இன்றும், ஒரு பொருள் வெளியிடும் ஒளியின் நிறப்பிரிப்பைக் குறிக்கும் உமிழ் நிறமாலை என்ற சொல்லில் தொடர்கிறது. இலங்கையில் இதே பொருளில் காலல் நிறமாலை என்பார்கள். கால்தல் என்பதும் உமிழ்தலைக் குறிக்கும் பழைய வினைதான், அழகான சொல்.

ஒளிமின் என்ற முன்பகுதியில் எலக்ட்ரான் இல்லை, மின் மட்டுமே இருக்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1887-இல் புறஊதா ஒளி பட்டால் மின்பொறி எளிதாகப் பாய்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு ஹால்வாக்ஸ், அந்த ஒளி பட்ட துத்தநாகத் தகடு எதிர் மின்னேற்றத்தை இழப்பதைக் காட்டினார். எலக்ட்ரான் கண்டறியப்பட்டதோ 1897-இல். 1905-இல் ஐன்ஸ்டைன், ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று கொண்டு இதை விளக்கினார். எலக்ட்ரான் தப்பிக்க வேண்டிய குறைந்த ஆற்றலுக்கு ஜெர்மன் மொழியில் 'வெளியேறும் வேலை' என்று பெயர். நம் பாடநூலின் 'வெளியேற்று ஆற்றல்' அதற்கு நெருக்கமாக இருக்கிறது. ஆங்கிலத்தின் வொர்க் ஃபங்ஷனுக்கு வேலைச்சார்பு என்ற நேர்பெயர்ப்பை விட இது எவ்வளவோ தெளிவு.

துடிப்பு லேசர் வந்த பிறகுதான் பெயரில் சிக்கல் தொடங்குகிறது. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு உள்ளே ஓடத் தேவையான ஆற்றல், சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் அலகு). அதைத் தாண்டி வெற்றிடத்துக்குப் போக இன்னும் ஏறத்தாழ 4 வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 5. ஆனால் 355 நானோமீட்டர் லேசரின் ஒரு ஃபோட்டானிடம், அதாவது ஒளியின் ஒரு பொட்டலத்திடம், இருப்பது 3.5 மட்டுமே. ஆக ஒரு ஃபோட்டான் போதாது. துடிப்பின் செறிவு மிகுந்தால் ஒரே எலக்ட்ரான் இரண்டு ஃபோட்டான்களை விழுங்கி வெளியேறுகிறது. அப்போது செறிவை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் நான்கு மடங்காகும். அடையாளம் இந்த இருபடி உறவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. துடிப்பு பரப்பைச் சூடாக்கி, வெப்பமே எலக்ட்ரானை வெளியே தள்ளலாம். இயற்பியலாளர் ரிச்சர்ட்சன் ஆராய்ந்த, சூடான கம்பியிலிருந்து வரும் உமிழ்வின் வகை அது. அதை ஒளிமின் உமிழ்வு என்பது தவறு. காரணம் உறுதியாகும் வரை 'லேசர் தூண்டிய எலக்ட்ரான் உமிழ்வு' என்று எழுதுவதே நேர்மை. உறுதியான பின் 'பல்ஃபோட்டான் உமிழ்வு' என்றோ 'வெப்ப உமிழ்வு' என்றோ பிரித்துச் சொல்லலாம். ஆய்வுக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவினையைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு ஃபோட்டானே போதுமான பரப்பும் உண்டு. காலியம் ஆர்செனைடு என்ற குறைகடத்தியின் பரப்பில் சீசியம் என்ற உலோகத்தைப் பூசினால் வெளியே உள்ள ஆற்றல் தடையே கீழிறங்கிவிடும். 1965-இல் நெதர்லாந்தில் ஷேரும் வான் லாரும் இதைக் காட்டினார்கள். உள்ளே கடத்து பட்டையின் அடியில், அதாவது ஓடக்கூடிய நிலைகளில் மிகக் குறைந்த ஆற்றலில், இருக்கும் எலக்ட்ரானுக்கு வெளியேற மேடே இராது. இதை 'எதிர்க்குறி எலக்ட்ரான் நாட்டம்' எனலாம். இப்படிப்பட்ட பரப்பில் சிவப்பு லேசரின் ஒற்றை ஃபோட்டானே போதும். 1978-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கியில், வட்டமாக முனைவுற்ற (மின்புலம் சுழன்றபடி வரும்) லேசர் துடிப்புகளால் இதிலிருந்து தற்சுழற்சி ஒரு பக்கம் சாய்ந்த எலக்ட்ரான்களை எடுத்தார்கள். அவற்றைக் கொண்டு அணுக்கருவில் செயல்படும் மென்விசை, கண்ணாடிப் பிம்பத்தைப் போன்ற இடவலச் சமச்சீரை மீறுவதை அளந்தார்கள். அங்கே நடந்தது தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒளிமின் உமிழ்வு.