அமெரிக்க சிறுநீரகப் பட்டியல்: கறுப்பினத்தவருக்குத் திரும்பிவரும் ஆண்டுகள்

அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவரின் காலம் இரண்டு விதமாகத் தொடங்கும். டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். டயாலிசிஸுக்கு முன்பே பட்டியலில் சேர்ந்தவர் என்றால், இ-ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 20 அல்லது அதற்குக் கீழே வந்திருக்க வேண்டும். இந்த 20 என்ற எண்ணில்தான் பல ஆண்டுகளாக அநியாயம் நடந்தது.

50 வயது ஆண் ஒருவர், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள்) டெசிலிட்டருக்கு 3.7 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இ-ஜிஎஃப்ஆர் கணக்கிட 2009-இல் வந்த சூத்திரத்தில் போட்டால் விடை 18. அவர் கறுப்பினத்தவர் என்றால் அதே விடையை 1.159-ஆல் பெருக்குவார்கள், 21 வரும். அதே வயது, அதே ரத்த அளவு. ஒருவருக்குப் பட்டியலில் காலம் ஓட ஆரம்பிக்கும், மற்றவர் வெளியே நிற்பார். கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற ஊகத்தைச் சொல்லி இந்தப் பெருக்கலை நியாயப்படுத்தினார்கள். 2021-இல் வந்த புதிய சூத்திரத்தில் இனம் கிடையாது, இருவருக்கும் 19.

அந்த இடைவெளி வெறும் எண் சமாச்சாரம் இல்லை. டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தைத்தான் தாக்குகிறது: இதயச் சுவர் தடிக்கிறது, ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவர்களில் இதய நோய் முக்கியக் காரணம். கறுப்பின அமெரிக்கர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் ஏற்கெனவே அதிகம். சிறுநீரகச் செயலிழப்பு வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். அப்படிப்பட்டவர்களைத்தான் கூடுதலாகக் காக்க வைத்தார்கள். எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் இதுதான்.

சரி, விதி என்ன சொல்கிறது? உறுப்புப் பகிர்வை நடத்தும் ஓபிடிஎன் அமைப்பு, இனம் சேர்த்த கணக்கை 2022 ஜூலையில் தடை செய்தது. 2023 ஜனவரி 5 முதல் பழைய தவறையும் திருத்தச் சொன்னது. பட்டியலில் உள்ள கறுப்பினத்தவர்களில் யாருக்கு இதனால் காலம் குறைந்தது என்று ஒவ்வொரு மாற்று மையமும் ஓராண்டுக்குள் தேடி, நோயாளிகளுக்குத் தகவல் சொல்லி, காலம் தொடங்கும் தேதியை முந்தைய நாளுக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2024 தொடக்கத்துக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்குக் காலம் திருத்தப்பட்டது.

இதற்கு ஆதாரம் பழைய லேப் ரிப்போர்ட்தான். இனம் சேர்க்காத கணக்கில் 20-க்கு இறங்கிய தேதி எது என்பதை அது காட்ட வேண்டும். பட்டியலில் சேர்வதற்கு முன்பு, வேறு டாக்டரிடம் எடுத்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் தேடி எடுங்கள். "என் தேதியைச் சரிபார்த்தீர்களா?" என்று மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இதயச் சோதனையில் அடைப்பு தெரிந்து ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தால், பட்டியலில் தற்காலிகமாகச் 'செயலற்றவர்' என்று மாற்றுவார்கள். பயப்பட வேண்டாம். அப்போது உறுப்பு அழைப்பு வராது, ஆனால் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் மருந்து. சிறுநீரகச் செயலிழப்புக்காக மட்டும் மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டைப் பெற்றவர்களுக்கு, மாற்று முடிந்த 36 மாதத்தில் அது நின்றுவிடும். வேறு காப்பீடு இல்லாதவர்களுக்காக 2023 ஜனவரி 1 முதல் மெடிகேர் பார்ட் பி-ஐடி வந்திருக்கிறது. மாதத் தவணை கட்டினால், உடல் உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்துக்கு உதவி கிடைக்கும். ஆனால் அந்த மருந்துக்கு மட்டும்தான். அந்த வகை மருந்தான டாக்ரோலிமஸ் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது. அதைக் கட்டுப்படுத்தும் பிரஷர் மாத்திரைக்கும் கொழுப்பு மாத்திரைக்கும் இதில் இடமில்லை. 36 மாதம் முடியும் முன்பே, மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) போன்ற வேறு வழிக்குத் தகுதி உண்டா என்று மையத்தின் சமூகப் பணியாளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.